பிபிசி ரேடியோ 1 பிக் வீக்கெண்ட்: முதல்முறை போகிறவர்களுக்கு

பிபிசியின் ரேடியோ 1 ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி வாக்கில் பிரிட்டனில் ஏதாவது ஓர் ஊருக்குப் போய், அங்குள்ள பெரிய பூங்காவில் பாப் இசைவிழா நடத்துகிறது. ஊர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022-ல் கோவென்ட்ரி, 2023-ல் டண்டீ, 2024-ல் லூட்டன், 2025-ல் லிவர்பூல். பெரிய பெயர்கள் வரும், டிக்கெட் விலை மற்ற விழாக்களைவிடக் குறைவு, ஆனால் கிடைப்பது கடினம். படிக்கவோ வேலைக்கோ புதிதாக பிரிட்டன் வந்து, நண்பர்கள் கூப்பிடுகிறார்களே என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இது எந்த வகை விழா என்று தெரியாமல் கிளம்புகிறவர்கள் பணத்தையும் ஒரு நாளையும் இழப்பது வழக்கமாக நடக்கிறது.

எந்த வகை விழா இது?

அடிப்படையில் இது ஒரு நேரலை வானொலி ஒலிபரப்பு. அந்த ஒலிபரப்பு நடக்கும் இடத்தில் பல்லாயிரம் பேர் நின்று பார்க்க அனுமதி உண்டு. நீங்கள் எதிர்கொள்ளப்போகும் விதிகள் பெரும்பாலும் இதிலிருந்து வருகின்றன. பாட்டு ஏன் நிமிடக் கணக்கில் தொடங்கி முடிகிறது, ஒவ்வொருவருக்கும் மேடை நேரம் ஏன் குறைவு, லைன்-அப் (பாடுகிறவர்களின் பட்டியல்) ஏன் வானொலியின் காலை நிகழ்ச்சியில் தவணைமுறையில் வெளியாகிறது, டிக்கெட்டில் பெரும்பங்கு ஏன் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் வானொலிதான் காரணம். பிபிசி, மக்கள் செலுத்தும் டிவி லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம். லண்டனுக்கு வெளியே இருக்கும் கேட்பவர்களிடமும் நேரில் போய்ச் சேர வேண்டும் என்ற கடமை அதற்கு உண்டு. 1973 முதல் 1999 வரை ரேடியோ 1 ரோட்ஷோ என்ற பெயரில் கோடையில் கடற்கரை ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த வழியில் வந்ததுதான் இது. 2003-ல் மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் 'ஒன் பிக் வீக்கெண்ட்' என்ற பெயரில் தொடங்கியது.

ஊர் தேர்விலும் ஒரு போக்கு தெரியும். பிரிட்டனின் கலாசார நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு இது போயிருக்கிறது: 2013-ல் டெர்ரி, 2017-ல் ஹல், 2022-ல் கோவென்ட்ரி. 2012 ஒலிம்பிக் ஆண்டில் லண்டனின் ஹாக்னி மார்ஷஸில் இரண்டு நாளில் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். டண்டீக்கு 2020-ல் போவதாக இருந்து, கோவிட் காரணமாக நின்றுபோய், 2023-ல்தான் நடந்தது.

கிளாஸ்டன்பரி இசைவிழா போல இங்கே கூடாரம் போட்டுத் தங்க முடியாது. காலையில் போய் இரவில் திரும்ப வேண்டிய விழா இது. டிக்கெட்டும் நாள்வாரியாகத்தான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வேண்டுமென்றால் மூன்று டிக்கெட் வாங்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாளே போதும் என்பது எங்கள் கருத்து. பன்னிரண்டு மணி நேரம் புல்லில் நின்ற கால்கள் மறுநாள் காலை அதையே சொல்லும்.

எந்த நாள் என்பதை லைன்-அப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2024 லூட்டனில் வெள்ளிக்கிழமை மேடையை சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் முடித்தார்கள், சனிக்கிழமை ரே, ஞாயிறு கோல்ட்பிளே. அவர்கள் இசைப்பது டிரம் அண்ட் பேஸ் என்ற வேகத்தாள நடன இசை. அது பிடிக்காதவர் அந்த வெள்ளிக்கிழமை போயிருந்தால் தலைவலிதான் மிச்சம். கோல்ட்பிளே கேட்க ஞாயிறு போனவர்கள் ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அறிவிப்பை எங்கே பிடிப்பது

ஊரும் தேதியும் விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். பிறகு கலைஞர்களின் பெயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் காலை நிகழ்ச்சியில் வெளியாகும். 2018 முதல் அந்தக் காலை நிகழ்ச்சியை நடத்துபவர் கிரெக் ஜேம்ஸ். டிக்கெட் விற்பனைத் தேதியும் நேரமும் அங்கேயே சொல்லப்படும். ரேடியோ 1-ன் இணையதளத்திலும் அதன் சமூக ஊடகக் கணக்குகளிலும் அது உடனே வந்துவிடும் என்பதால், காலை ஏழு மணிக்கு எழுந்து வானொலி கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

ஊர் தெரிந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகையில் ஓர் அறையைப் பிடித்துப் போடுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் ரத்து செய்துகொள்ளலாம். விழா வழக்கமாக வரும் வார இறுதிக்கு அடுத்த திங்கள் வங்கி விடுமுறை. பல பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறையும் அப்போதுதான் தொடங்கும். கூடவே ஊரில் வேறு நிகழ்ச்சி இருந்தால் கேட்கவே வேண்டாம். 2025-ல் லிவர்பூலில் விழாவின் ஞாயிற்றுக்கிழமை ஆன்ஃபீல்டில் லிவர்பூல் கால்பந்து அணி பிரீமியர் லீக் கோப்பை வாங்கியது, மறுநாள் வெற்றி ஊர்வலம். அந்த வாரத்தில் அறை தேடியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

போஸ்ட்கோட் என்ற முதல் வாசல்

டிக்கெட் விற்பனையில் ஊர்ப் பகுதிவாரி ஒதுக்கீடு உண்டு. பெரும்பங்கு விழா நடக்கும் நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு, அடுத்த பங்கு சுற்றுவட்டாரத்துக்கு, மிஞ்சும் சிறு பங்குதான் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு. எந்தப் பங்கில் நீங்கள் வருகிறீர்கள் என்பதை டிக்கெட் தளத்தில் உங்கள் கணக்கிலும் வங்கி அட்டையிலும் பதிவாகியிருக்கும் முகவரியின் போஸ்ட்கோட் முடிவு செய்யும்.

புதிதாக வந்தவர்கள் தவறவிடுவது இங்கேதான். செப்டம்பரில் வந்து முதலில் தங்கிய உறவினர் வீட்டு முகவரி வங்கியில் இருக்கும். டிக்கெட் தளத்தில் வேறொன்று இருக்கும். ஜனவரியில் வீடு மாறியிருப்பார்கள். லூட்டனில் படிக்கும் மாணவர் லூட்டன் ஒதுக்கீட்டில் வாங்க முழு உரிமை இருந்தும், வங்கியில் லண்டனின் ஈஸ்ட் ஹாம் முகவரி இருந்தால் வெளியூர்க்காரராகிவிடுவார். எனவே விற்பனைக்கு இரண்டு வாரம் முன்னதாக வங்கி ஆப்பில் முகவரியை மாற்றுங்கள். பிறகு டிக்கெட் விற்கும் தளமான டிக்கெட்மாஸ்டரின் கணக்கிலும் அதையே, எழுத்துக்கு எழுத்து, பதிவு செய்யுங்கள். வீட்டு எண், ஃபிளாட் எண், போஸ்ட்கோட்டின் நடுவில் வரும் இடைவெளி எல்லாம் ஒத்திருக்கட்டும்.

நண்பரின் உள்ளூர் முகவரியைப் போட்டு வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். விதி மீறி வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்யும் உரிமை விற்பவருக்கு உண்டு. ரத்தான டிக்கெட்டோடு வாசலில் நின்று வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை. உண்மையிலேயே உள்ளூரில் இருக்கும் நண்பர் தன் பெயரில் வாங்கி, உங்களைக் கூட்டிக்கொண்டு போவதில் தவறில்லை. ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை டிக்கெட் என்பதை மட்டும் அந்த ஆண்டின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கு முந்தைய நாள் இவ்வளவையும் முடித்திருக்க வேண்டும்: கணக்கில் உள்நுழைந்து பார்த்தாயிற்று, கடவுச்சொல் நினைவில் இருக்கிறது, கைப்பேசி எண் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது, பிரிட்டன் வங்கி அட்டை சேமிக்கப்பட்டிருக்கிறது. இந்திய, இலங்கை வங்கி அட்டையை நம்ப வேண்டாம். ஓடிபி அந்த நாட்டு எண்ணுக்குப் போகும், ரோமிங்கில் தாமதமாக வரும், அதற்குள் உங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும். பிரிட்டன் அட்டையிலும் வங்கி ஆப்பைத் திறந்து அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் டிக்கெட்டைக் கணினியில் வாங்கி, கைப்பேசியை அனுமதிக்காகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

விற்பனைக் காலை

விற்பனை தொடங்கும் முன்னரே காத்திருப்பு அறை திறக்கும். அது திறந்ததும் உள்ளே போய் உட்காருங்கள். நேரம் வந்ததும் அங்கே இருக்கும் எல்லோருக்கும் குலுக்கல் முறையில் கியூ எண் கிடைக்கும். அரைமணி முன்னால் வந்தவரும் ஒரு நிமிடம் முன்னால் வந்தவரும் அதில் சமம். ஆனால் விற்பனை தொடங்கிய பிறகு வருகிறவர் வரிசையின் வாலில்தான் சேருவார்.

ஒரே கணக்கில் நான்கு டேப் திறந்தால் நான்கு வாய்ப்பு என்பது பரவலான நம்பிக்கை. அப்படிச் செய்தால் தளம் உங்களை இயந்திரம் என்று சந்தேகித்து நிறுத்திவைக்கும். ஒரு கணக்கு, ஒரு கருவி, ஒரு டேப். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கல்லூரி வைஃபையில் ஒரே முகவரியிலிருந்து நூறு பேர் முட்டும்போதும் இதே சிக்கல் வரும், வீட்டு இணையமோ கைப்பேசி டேட்டாவோ பாதுகாப்பு. கியூ பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். அது தானாக நகரும்.

உள்ளே போனதும் எந்த நாள், எத்தனை டிக்கெட் என்று யோசிக்க நேரம் இருக்காது. முதல் விருப்பம் சனி, இல்லையென்றால் வெள்ளி என்று முன்னாலேயே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். நான்கு பேர் போவதாக இருந்தால் நால்வரும் தனித்தனிக் கணக்கில் காத்திருப்பதும், முதலில் உள்ளே போனவர் வாங்குவதும் வழக்கம். வாங்கியதும் மற்றவர்களுக்கு உடனே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எட்டு டிக்கெட் சேர்ந்துவிடும், திருப்பிக் கொடுப்பது எளிதல்ல.

'டிக்கெட் இல்லை' என்று திரை காட்டினால் உடனே மூட வேண்டாம். பணம் செலுத்தாமல் விட்டவர்களின் டிக்கெட்டுகள் அடுத்த பத்து, இருபது நிமிடங்களில் திரும்ப வரும். அதன் பிறகும், விழாவுக்கு முந்தைய வாரத்தில், வர முடியாதவர்கள் அதிகாரபூர்வ மறுவிற்பனை வழியாகத் திருப்பித் தரக்கூடும். இன்ஸ்டாகிராமில், வாட்ஸ்அப் குழுவில் 'அவசரம், சனி டிக்கெட் இரண்டு' என்று வருவதில் போலி மிக அதிகம். வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நண்பரே கொடுத்தாலும் ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். டிக்கெட்டின் பார்கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் வகையாக இருந்தால், ஸ்கிரீன்ஷாட் வாசலில் செல்லாது.

போக வழி, திரும்ப வழி

திரும்பும் ரயிலிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். விழா இரவு பத்து மணியையொட்டி முடியும். வாசலுக்கு வர இருபது நிமிடம், நிலையத்துக்குப் போக நாற்பது, நிலைய வாசலில் வரிசை இன்னொரு அரைமணி. ஆக, 11:30-க்கு முன் கிளம்பும் எந்த ரயிலையும் நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும். வங்கி விடுமுறை வார இறுதிகளில் தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் பராமரிப்பு வேலை வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் தடம் முழுவதும் பேருந்தாக மாறியிருக்கலாம். நேஷனல் ரயில் தளத்தில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள். அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். திரும்புவதற்குச் சற்றுக் கூடுதல் விலையில் ஆஃப்-பீக் (நெரிசலற்ற நேர டிக்கெட்) வாங்கினால் அந்த நேரத்தில் ஓடும் எந்த வண்டியிலும் ஏறலாம்.

25 வயது வரை உள்ளவர்களுக்கும் முழுநேர மாணவர்களுக்கும் 16-25 ரயில்கார்டு கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். 2025 மார்ச்சில் அதன் விலை 35 பவுண்டு ஆனது. நீண்ட தூரம் ஒரு முறை போய் வந்தாலே பெரும்பகுதி மீண்டுவிடும்.

பூங்கா ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கோவென்ட்ரியில் வார் மெமோரியல் பூங்கா நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். லிவர்பூல் செஃப்டன் பூங்காவுக்கு உள்ளூர் ரயிலான மெர்சிரயிலின் செயின்ட் மைக்கேல்ஸ் நிலையம் அருகில், ஊரின் முதன்மை நிலையமான லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து நடப்பது நடக்காத காரியம். டண்டீயின் கேம்ப்பர்டவுன் பூங்கா ஊரின் வடமேற்கு ஓரத்தில். 2017-ல் ஹல் என்று பெயர், ஆனால் நடந்தது ஊருக்கு வெளியே பர்ட்டன் கான்ஸ்டபிள் மாளிகை வளாகத்தில். இப்படி ஊர்ப்பெயரை நம்பி நகர மையத்தில் அறை எடுத்துவிட்டு, பூங்கா எங்கே என்று பிறகு தேடுவது பழகிப்போன தவறு. ஷட்டில் பேருந்து இருந்தால் அதற்குத் தனி டிக்கெட் வேண்டுமா, முன்பதிவு வேண்டுமா என்று பாருங்கள். விழா முடியும் நேரத்தில் உபர் கூப்பிட்டால் விலை மூன்று மடங்கு காட்டும், வண்டி வராது. அக்கம்பக்கத்துத் தெருக்களை அடைத்துவிடுவார்கள் என்பதால் காரிலும் பயனில்லை.

பையில் என்ன

பெரும்பாலான பிரிட்டன் விழாக்களில் பை ஏ4 தாளைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது என்பதே விதி. அந்த ஆண்டின் விதிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, சிறிய பையே எடுத்துச் செல்லுங்கள். சிறிய பைக்குத் தனி வாசல் வரிசை இருந்தால் அதில் கூட்டம் வேகமாக நகரும்.

மே கடைசி என்றால் வெயில் என்று நினைத்துவிடக் கூடாது. பகலில் 18 டிகிரி, மழை வந்தால் 12, இரவில் 8 என்பது மிக இயல்பு. சூரியன் மறைய லூட்டனில் ஒன்பது மணி தாண்டும், டண்டீயில் பத்தை நெருங்கும். மாலை முழுவதும் வெளிச்சம் இருக்கும், ஆனால் வெளிச்சத்தை நம்பி டி-ஷர்ட்டோடு போனவர்கள் ஒன்பது மணிக்கு மேல் நடுங்குவார்கள். மெல்லிய ஜாக்கெட் ஒன்று, மடித்தால் கையளவுக்கு வரும் மழை அங்கி ஒன்று. குடை வேண்டாம். பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தும் என்பதால் வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். புல்தரையில் ஐம்பதாயிரம் கால்கள் நடந்தால் மழையில்லாமலும் மண் கிளறும், எனவே வெள்ளை ஸ்னீக்கர் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதாக இல்லை. பழைய, கணுக்கால் மூடும் ஷூ போதும்.

காலியான தண்ணீர் பாட்டில் ஒன்று, உள்ளே நிரப்பும் குழாய்கள் உண்டு. தண்ணீர் நிரம்பிய பாட்டிலாக இருந்தால் வாசலில் கொட்டச் சொல்வார்கள். கண்ணாடி எதுவும் கூடாது, வாசனைத் தைலப் பாட்டிலும் இதில் அடக்கம். பவர் பேங்க் சிறியதாக. சானிடைசரும் ஒரு பொதி டிஷ்யூவும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் பொன்னுக்குச் சமம், தற்காலிகக் கழிப்பறையில் காகிதம் முதலில் தீரும். மே, ஜூன் மாதங்களில் புல் மகரந்தத்தால் தும்மல் வரும் உடம்பு உங்களுடையதென்றால், மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முதல் கோடை காண்பவர்களுக்குத் தங்களுக்கு ஹே ஃபீவர் இருப்பதே தெரியாது. மருத்துவர் எழுதித் தந்த மருந்து இருந்தால் பெயரொட்டிய டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள்.

இயர் பிளக்கை மறந்துவிடாதீர்கள். முன்வரிசைக்கு அருகில் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். அது கச்சேரி முடிந்த பிறகும் காதில் இரைச்சலை விட்டுச்செல்லும். பஞ்சுபோன்ற மலிவானவை பாட்டின் மேல்சுரங்களை விழுங்கிவிடும், 'இசை நிகழ்ச்சிக்கானது' என்று விற்கப்படுபவை சத்தத்தைச் சமமாகக் குறைக்கும்.

அடையாள அட்டை பற்றி ஒரு வார்த்தை. மது வாங்கும் இடத்தில் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அட்டை கேட்பார்கள், உங்கள் வயது 29 ஆனாலும் சரி. முன்பு மாணவர்கள் பிஆர்பி எனும் வசிப்பு அனுமதி அட்டையைக் காட்டுவார்கள். பெரும்பாலான பிஆர்பி அட்டைகள் 2024 டிசம்பர் 31-ல் காலாவதியாகி இ-விசாவாக மாறிவிட்டன, திரையில் தெரியும் இ-விசாவை யாரும் ஏற்பதில்லை. மிச்சமிருப்பது பாஸ்போர்ட். அதைச் சேற்றுத் திடலுக்குக் கொண்டுபோய்த் தொலைத்தால் வரும் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் புரவிஷனல் (பழகுநர்) ஓட்டுநர் உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். 34 பவுண்டுதான், விழாவுக்குப் பிறகும் பயன்படும். கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம்.

வாசலில்

பை சோதனை உண்டு, உடல் சோதனையும் இருக்கலாம். 2017 மே 22-ல் மான்செஸ்டர் அரீனாவில் குண்டு வெடித்த சில நாட்களில்தான் ஹல் விழா நடந்தது. அப்போது பாதுகாப்பு வெகுவாக இறுகியது. இப்போதும் பெரிய நிகழ்ச்சிகள் அதே கவனத்தோடுதான் நடக்கின்றன. வாசல் திறக்கும் நேரத்துக்கு முன்வரிசைக்காக ஓடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லையென்றால் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் வரிசை கரைந்திருக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மறுபடி நெரியும்.

டிக்கெட்டை முந்தைய இரவே கைப்பேசியின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் பல்லாயிரம் கைப்பேசிகள் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும்போது ஆப் திறக்காது. இது கோட்பாடு இல்லை, ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் நின்று ஆப்பைத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடாத விதி பெரும்பாலும் இருக்கும், மறந்ததை எடுக்க அறைக்கு ஓடலாம் என்று எண்ணாதீர்கள். 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் ஒருவருடன்தான் வர முடியும். எத்தனை சிறுவருக்கு ஒரு பெரியவர் என்பது அந்த ஆண்டின் விதியில் இருக்கும்.

நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் டிக்கெட் வாங்கும்போதே விவரம் தெரிவித்தால், மேடையைப் பார்க்க உயரமான தளம், தனி வாசல், துணைக்கு வருபவருக்கான ஏற்பாடு எல்லாம் கேட்கலாம். விழா நாளில் வாசலில் வந்து கேட்டால் இடம் இருக்காது.

உள்ளே

மேடைகள் பல. முதன்மை மேடை, புதிய இசைக்கான மேடை, பிபிசி இன்ட்ரொடியூசிங் மேடை ஆகியவை வழக்கமானவை. கடைசியாகச் சொன்னது இன்னும் பெரிய நிறுவன ஒப்பந்தம் இல்லாத கலைஞர்களுக்கானது. அந்த ஊர்ப் பையன்களும் பெண்களும் அதிகம் பாடுவார்கள். கூட்டம் குறைவு, நின்ற இடத்திலிருந்து முகம் தெரியும். முதன்மை மேடையில் நாற்பது மீட்டர் தள்ளி நின்று திரையில் பார்ப்பதைவிட இங்கே கழியும் அரைமணி பெரும்பாலும் மேலானது. பாடுகிறவராக நீங்களே இருந்தால், பிபிசி இன்ட்ரொடியூசிங்கின் பதிவேற்றப் பக்கத்தில் பாட்டை அனுப்பலாம். இந்த மேடைக்கான பாதையே அதுதான்.

மேடை நேரம் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை கவனித்தால் நாள் முழுவதும் எளிதாகிவிடும். ஒரு குழு பாடி முடித்ததும் விளக்குகள் மங்கும், பணியாளர்கள் டிரம்ஸை உருட்டிக்கொண்டு போவார்கள். அந்த இடைவெளியில் ஒலிபரப்பு அடுத்த மேடைக்குத் தாவும் அல்லது தொகுப்பாளர் பேசி நிரப்புவார். பிறகு மேடையில் தொகுப்பாளர் வருவார், கூட்டத்தைக் கத்தச் சொல்வார். கத்தல் எழும்பும் சில விநாடிகளில் ஒலிபரப்பு இங்கே திரும்பிவிடும், முதல் சுரம் விழும். அட்டவணையில் 5:40 என்று இருந்தால் அது 5:40-தான். 'எப்படியும் பத்து நிமிடம் தாமதமாகும்' என்று பர்கர் வரிசையில் நின்றவர்கள் முதல் இரண்டு பாடல்களை அங்கிருந்தே கேட்க வேண்டியதுதான். ஒருவர் மேடையில் பாடும் பகுதியான செட்டும் சிறியது, அரைமணியிலிருந்து ஒரு மணிக்குள். ஹிட் பாடல்களே பெரும்பாலும், புதிய ஆல்பத்தின் ஆறாவது பாட்டுக்கு இங்கே இடமில்லை. கெட்ட வார்த்தை உள்ள பாடல்களை மாற்றிப் பாடுவதும் வானொலிக்காகத்தான்.

இரண்டு மேடைகளுக்கு நடுவே நடக்க ஐந்து நிமிடம் என்று வரைபடம் சொன்னால் கூட்டத்தில் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். நாளில் மூன்று பெயரை 'கட்டாயம்' என்று குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். முன்வரிசைத் தடுப்பைப் பிடித்து நிற்க ஆசை என்றால் ஹெட்லைனருக்கு (கடைசியில் பாடும் பெரிய பெயர்) மூன்று, நான்கு செட் முன்னால் போக வேண்டும். போன பிறகு கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை, நண்பரைத் தேடி வெளியே வந்தால் இடம் இல்லை. உயரம் குறைவானவர்களுக்கு ஒலிக்கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்குச் சற்றே முன்னால், பக்கவாட்டில் நிற்பது நல்லது. ஒலி அங்கே மிகச் சீராக இருக்கும், தள்ளுமுள்ளும் குறைவு.

பணம் அட்டையில் மட்டுமே வாங்கும் கடைகள்தான் எங்கும். கைப்பேசியில் மட்டும் பணம் வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்தால் பட்டினி. ஓர் அட்டையைத் தனியாகப் பையில் போடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு 10 முதல் 15 பவுண்டு என்று வைத்துக் கணக்கிடலாம். சைவம், வீகன், ஹலால் கடைகள் கிடைக்கும், ஆனால் மாலை ஆறு முதல் எட்டு வரை வரிசை நீளம். நான்கரைக்குச் சாப்பிடுங்கள், அல்லது பெரிய பெயர் பாடும்போது சாப்பிடுங்கள், அப்போது கடைகள் காலி.

உள்ளே நுழைந்ததும் சந்திக்கும் இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'மெயின் ஸ்டேஜ் பக்கம்' என்றால் யாரும் யாரையும் காண மாட்டார்கள். 'முதலுதவிக் கூடாரத்தின் இடது மூலை, ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது' என்றால் காண்பார்கள். வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும்போது சாதாரண எஸ்எம்எஸ் போய்ச் சேரும். மயக்கமாக இருந்தாலும், கூட்டத்தில் மூச்சு முட்டினாலும், யாராவது தொந்தரவு கொடுத்தாலும் முதலுதவிக் கூடாரத்துக்கோ பளிச்சிடும் மேலங்கி போட்ட பணியாளரிடமோ போங்கள். தடுப்புக்கு முன்னால் நிற்கும் பாதுகாவலர் கையைத் தூக்கியவரை மேலே இழுத்து வெளியே எடுப்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு செட்டிலும் நடப்பதுதான்.

கிளம்பும்போது

ஹெட்லைனரின் கடைசிப் பாடலுக்கு முந்தைய பாடலில் பின்னால் நகரத் தொடங்கினால் கூட்டத்துக்கு முன்னால் வாசலைத் தாண்டலாம். கடைசிப் பாடல் வேண்டும் என்றால் முழுவதும் நின்று கேட்டுவிட்டு, அவசரப்படாமல் இருபது நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவில் போகிறவர்களுக்குத்தான் நெரிசல். வந்த வாசலே வெளியே போகும் வாசலாக இருக்கும் என்பதில்லை. இருட்டும் முன்பே பலகைகளைப் பார்த்துவையுங்கள்.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு

97 முதல் 99 எஃப்எம்மில் வானொலியாகக் கேட்கலாம், கட்டணம் இல்லை, உரிமம் தேவையில்லை. பிபிசி சவுண்ட்ஸ் ஆப்பிலும் கிடைக்கும். படமாகப் பார்க்க வேண்டுமென்றால் பிபிசி ஐபிளேயரில் முக்கியச் செட்கள் நேரலையாகவும் பிறகும் வரும். ஆனால் ஐபிளேயர் பார்க்க டிவி லைசென்ஸ் வேண்டும், வீட்டில் டிவி பெட்டியே இல்லாவிட்டாலும், மடிக்கணினியில் பார்த்தாலும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. பகிர்ந்து தங்கும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் தனி வாடகை ஒப்பந்தம் என்றால் லைசென்ஸும் பெரும்பாலும் தனித்தனிதான், பொதுக்கூடத்தில் வீட்டுக்காரர் வாங்கி வைத்த ஒன்று உங்கள் அறைக்குச் செல்லாது. பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருப்பவர் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே கேட்கும், கைப்பேசி ஆப்பை மட்டும் கூடவே ஓடவிடாதீர்கள். இணையத்தில் வரும் ஒலி பல விநாடிகள் பிந்தி வந்து எதிரொலியாக உங்களைக் கொல்லும்.